நெடிலுக்கு இரண்டு மாத்திரை

அவளுடைய குரலைக் கேளாதவர் அந்நகரில் அரியர்; அவளை நேரில் அறிந்தவரோ மிகச் சிலர். அடுக்குமாடிக் கட்டடங்களின் மின்தூக்கிகளில், "மேல்நோக்கிச் செல்கிறது" என்று அறிவிக்கும் குரல் அவளுடையது. வங்கியைத் தொலைபேசியில் அழைப்போரிடம், "எங்கள் அலுவலர் அனைவரும் பிற வாடிக்கையாளருடன் உரையாடிக்கொண்டிருக்கின்றனர்" என்று பணிவோடு பொய் கூறும் குரலும் அவளுடையதே. சிறியதோர் ஒலிப்பதிவுக் கூடத்தில், பஞ்சுத் தகடு பதித்த நான்கு சுவர்களுக்கு நடுவே அமர்ந்து, இத்தகைய வாக்கியங்களை அவள் நாள்தோறும் பேசிப் பதிவு செய்தாள்.

அவளுடைய கணவன், வீட்டுப் பொருள்களை இடம் மாற்றித் தரும் நிறுவனமொன்றில் சுமை தூக்குவோரின் தலைவனாக இருந்தான். உடன் பணிபுரிவோர் அவனைக் 'கிரேன்' என்றே அழைத்தனர். குளிர்பதனப் பெட்டியை வாரினால் முதுகோடு பிணைத்துக்கொண்டு மாடியேறும்பொழுதும் அவன் பேச்சை நிறுத்துவதில்லை. இளமை முதல் ஆஸ்துமாவால் மூச்சுக்குத் திண்டாடிய பெண்ணுக்கு, இத்துணை மூச்சுடைய ஒருவன் கணவனாக வாய்த்தது குறித்து இரு வீட்டாரும் கேலி பேசியதுண்டு.

மணமான நாள்தொட்டு அவர்களிடையே ஒரு விளையாட்டு இருந்தது. உயரமான தட்டிலிருந்து ஏதேனும் எடுக்க வேண்டுமாயின் அவள் முக்காலியைத் தேடுவதில்லை. "லிஃப்ட் வேணும்" என்பாள். அவன் பின்புறமாக வந்து, அவள் விலாவைச் சுற்றிக் கை கோத்துத் தூக்குவான். அவள் தன் தொழிற்குரலில், "மேல்நோக்கிச் செல்கிறது" என்பாள். தட்டு எட்டியதும், "கதவுகள் திறக்கின்றன" என்பாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், கம்பளியை எடுப்பதற்காக அவள் லிஃப்டை அழைத்தாள்.

"என்னம்மா, இப்பல்லாம் லிஃப்ட்டுல எடை கூடிப்போச்சு போலிருக்கே?" என்றான் அவன், அவளைச் சுற்றிக் கையை வளைத்தவாறே.

"லிஃப்ட்டுக்கு வயசாயிடுச்சு. பழியைத் தூக்கிப் பயணி மேல போடாதீங்க."

"பழியையும் தூக்குறேன், பயணியையும் தூக்குறேன். சொல்லு, சொல்லு."

"மேல்நோக்கி..." என்று அவள் தொடங்கினாள். 'செல்கிறது' என்னும் சொல் வெளிவரவில்லை. அதற்கு மாறாகக் காய்ந்த சுள்ளியொன்று ஒடிவது போன்ற ஒலி எழுந்தது. அதனை அவளும் கேட்டாள். அவள் முதுகின்மேல் காது பதிய நின்றிருந்த அவனும் கேட்டான்.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் படம் எடுத்துப் பார்த்த இளம் மருத்துவர், இரண்டு விலா எலும்புகள் முறிந்துள்ளன என்றார். இந்த வயதில், இவ்வளவு சிறிய அழுத்தத்துக்கு எலும்பு முறிவது வழக்கமன்று என்றும், எலும்பு மருத்துவரைக் காண வேண்டும் என்றும் கூறிவிட்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றார். செவிலி மட்டும் போகவில்லை. அவள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து மூடி, கணவனை வெளியே நிற்கச் சொன்னாள்.

"இந்தக் காயம் எப்படி வந்தது?" என்று, முன்கையில் ஊதா நிறத்தில் கன்றியிருந்த ஓரிடத்தைத் தொட்டுக் கேட்டாள்.

"மேசையில இடிச்சிருப்பேன்."

"இது?"

"இதுவும் மேசைதான்னு நினைக்கிறேன்."

"ரெண்டு கையிலயும் இடிக்கிற மேசையா?" செவிலி குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, பயப்படாம சொல்லுங்க. வீட்டுல கை நீட்டுறாரா?"

"ஐயோ, இல்லம்மா! அவர் எறும்பைப் பார்த்தாக்கூட ஒதுங்கிப் போறவர்."

"எல்லாரும் முதல்ல இப்படித்தான் சொல்வாங்க. யோசிச்சு வைங்க. நான் மறுபடி வர்றேன்."

அக்கன்றல்கள் எதனால் தோன்றின என்பதை அவள் அறிவாள். விலா எதனால் முறிந்தது என்பதையும், முழுமையாக அன்றெனினும், ஊகித்திருந்தாள். ஒரே ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் போதும். செவிலியின் ஐயம் நீங்கியிருக்கும். அச்சொல் நாவின் நுனிவரை வந்தது. திரையின் அடிவிளிம்புக்குக் கீழே கணவனின் பெரிய செருப்புகள் தெரிந்தன. அவை அசையாமல் நின்றன. பின்னர் மெல்லத் திரும்பி, சுவரோரமாகச் சென்று ஒடுங்கின. அவன் அனைத்தையும் கேட்டுவிட்டான் என்பது அவளுக்கு விளங்கிற்று. ஆயினும் அவள் அச்சொல்லை விழுங்கிவிட்டாள்.

இவ்விடத்தில் அச்சொல்லைப் பற்றிக் கூறுதல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் அவளுக்குக் கடுமையான மூச்சுத் திணறல் வந்தது. உதடு நீலம் பாரித்த அவளைக் கணவன் கைகளில் ஏந்திக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினான். அங்கே ஐந்து நாள்களுக்கு ஸ்டீராய்டு மாத்திரைகள் கொடுத்தனர். அதன்பின் நாள்தோறும் உறிஞ்சுவதற்கு இன்ஹேலர் ஒன்றை எழுதிக்கொடுத்தனர். மாத்திரை உண்ட ஐந்து நாள்களும் அவளுடைய மூச்சு தங்குதடையின்றி ஓடியது. இன்ஹேலரோ தொண்டையைக் கட்டியது. வங்கிக்காரர்கள் ஒரு பதிவைத் திருப்பி அனுப்பி, வேறு யாரையோ பேச வைத்து ஏமாற்றிவிட்டதாகக் கூறினர். குரல் ஒன்றையே தொழிலாகக் கொண்டவளுக்கு அது பேரச்சத்தைத் தந்தது. தொண்டை கட்டுகிறது என்று மருத்துவரிடம் அவள் கூறவில்லை. பழைய சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குச் சென்று, மாத்திரைகளை மீண்டும் வாங்கினாள். சில முறைகளுக்குப் பின் கடைக்காரர் சீட்டைக் கேட்பதையே விட்டுவிட்டார்.

மாத்திரைகளை அவள் வீட்டில் வைக்கவில்லை. கூடத்தின் ஒலிப்பதிவாளனாகிய இளைஞனின் மேசை இழுப்பறையில், ஒலிவாங்கிக் கம்பிகளுக்கு அடியில் வைத்தாள். அவ்விளைஞனுக்குக் 'காது' என்று பட்டப்பெயர். மூச்சின் இழுப்பைப் பிறர் உணருமுன் அவன் உணர்ந்துவிடுவான். "அக்கா, 'வணக்க'த்துக்கு முன்னாடி ஒரு பூனைக்குட்டி கத்துது. விரட்டிட்டு வாங்க" என்பான். அவள் இழுப்பறையைத் திறப்பாள்.

எழுத்துகளை ஒலிக்கும் கால அளவுக்கும் மாத்திரை என்று பெயர் உண்டல்லவா? குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, நீட்டி ஒலிக்கும் அளபெடைக்கு மூன்று. ஒலிப்பிலே வாழும் அவ்விருவருக்கும் அதிலிருந்து ஒரு மறைமொழி பிறந்தது. "அக்கா, இன்னைக்குக் குறிலா, நெடிலா?" என்று காது கேட்பான். ஒரு மாத்திரை உண்டால் குறில். இரண்டு உண்டால் நெடில். மூன்று உண்ணும் கொடிய நாள் அளபெடை. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்பதால், பாதியாக உடைத்து உண்ணும் நாளுக்கு மெய் என்று பெயரிட்டிருந்தனர். மெய்யான நாள் ஒன்றேனும் வரவில்லை.

கணவனின் காதுபடவே அவள் தொலைபேசியில், "நேத்து அளபெடை ஆயிடுச்சுடா, இன்னைக்கு நெடிலோட நிறுத்திக்கணும்" என்பாள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவனாகிய அவன் அதனை இலக்கணம் என்றே கருதினான். வண்டியில் செல்லும்பொழுது உடன்பணியாளரிடம், "என் பொண்டாட்டி ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்துப் பார்த்துத்தான் வாயை விட்டு அனுப்புவா" என்று பெருமை பேசினான். அவள் மகிழ வேண்டும் என்பதற்காக அவனும் மாத்திரைக் கணக்கைக் கற்றான். "ஆ, ரெண்டு. அ, ஒண்ணு. சரியா?" என்று விரலை நொடித்துக் காட்டுவான். அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு, ஏதேனும் வேலையைத் தேடி அடுக்களைக்குள் போய்விடுவாள்.

இன்ஹேலரையும் அவள் விட்டுவிடவில்லை. காலைதோறும் குளியலறையில் நின்று, அதன் மருந்தைக் கழுவுதொட்டிக்குள் பீய்ச்சினாள். அதன் முதுகில் எஞ்சிய அளவைக் காட்டும் எண் நாள்தோறும் குறைய வேண்டுமே! எண் குறைந்ததும் கணவன் புதிய குப்பி வாங்கி வந்தான். மாத்திரையால் அவள் தோல் மெலிந்து, லேசாகப் பட்டாலே கன்றியது; கன்னங்கள் உப்பின. அவன் அவற்றைக் கிள்ளி, "இப்பதான் உடம்பு தேறுது" என்று களித்தான்.

இனி, முறிவுக்குப் பிந்திய நிலையைக் காண்போம். அவளைப் பார்த்துக்கொள்வதற்காகக் கணவனின் தங்கை வந்து தங்கினாள். சிறிய உடலும் பெரிய வாயும் உடையவள் அவள்.

"ஏண்ணா, பீரோவுக்கும் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு? பீரோவுக்காவது அட்டை சுத்தி, கயிறு கட்டித் தூக்குவே."

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி, "அவரை விடு. அவர் மேல தப்பில்ல" என்றாள்.

"உங்களுக்கு அவனைச் சொன்னா பொறுக்காதே அண்ணி! விலா ரெண்டு போச்சு. மிச்சம் எத்தனை இருக்கு, அதுவும் அவனுக்குத்தானா?"

பேச்சையே மூச்சாகக் கொண்டவன் பேச்சை நிறுத்திவிட்டான். முன்பெல்லாம் தேநீர்க் குவளையை அவள் கையில் கொடுத்து, விரல் சுடாதவாறு தன் விரலால் தாங்கிக்கொள்வான். இப்பொழுது அதனை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினான். இரவில் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தான். அவள் எழ முயலும்பொழுது தங்கையைத்தான் அழைத்தான்.

ஒரு மாலை, அவனுடன் பணிபுரியும் ஓட்டுநர் நலம் விசாரிக்க வந்தார். கணவன் உள்ளே இருக்கையில், அவர் அவளிடம் தாழ்ந்த குரலில், "தங்கச்சி, கிரேனுக்கு என்ன ஆச்சு? தோள் வாரைக் கழட்டிப் புதுசா வந்த பையன்கிட்ட குடுத்துட்டான். 'இனிமே நான் தூக்கல, வண்டியில உட்கார்ந்து ரசீது கிழிக்கிறேன்'னு முதலாளிகிட்டச் சொல்லிட்டான். நேத்து ஒரு கண்ணாடி மேசை. தொடவே மாட்டேன்னுட்டான்." என்றார்.

"என்னால வந்தது அண்ணா" என்றாள் அவள்.

"உங்களால என்ன? அவன் அழுத்திட்டான், உடைஞ்சுடுச்சு. வேணும்னா செஞ்சான்? நீங்க ஒரு வார்த்தை நல்லவிதமா சொல்லுங்க தங்கச்சி, சரியாயிடுவான்."

அந்த ஒரு வார்த்தை தன்னிடம் உள்ளது என்பதை அவள் அறிந்தேயிருந்தாள். ஆனால் நல்ல விதமாகச் சொல்லக்கூடிய வார்த்தையன்று அது. அதனைச் சொன்னால், கழுவுதொட்டியில் பீய்ச்சிய ஒவ்வொரு காலையையும் சொல்ல வேண்டும். குறிலையும் நெடிலையும் சொல்ல வேண்டும். விரல் நொடித்து நின்ற அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளை சொல்லலாம் என்று எண்ணினாள். நாளை எனப்பட்ட நாள் வந்ததும், அதற்கு அடுத்த நாளே தக்கதாகத் தோன்றிற்று.

எலும்பு மருத்துவர் எலும்பின் அடர்த்தியை அளந்து பார்க்கச் சொல்லியிருந்தார். அதன் முடிவை அவர் இருமுறை புரட்டிப் பார்த்தார்.

"உங்க எலும்பு உங்களைவிட முப்பது வயசு மூத்ததா இருக்கு. முதுகெலும்புலகூட ஒண்ணு லேசா நசுங்கியிருக்கு. ஆஸ்துமா எத்தனை வருஷமா?"

"சின்ன வயசுலேருந்து."

"ஸ்டீராய்டு மாத்திரை தொடர்ந்து எடுத்திருக்கீங்களா? மாசக்கணக்குல?"

அறையில் கணவன் இருந்தான். நாற்காலியின் விளிம்பில், இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் ஒளித்துவைத்து அமர்ந்திருந்தான்.

"இல்ல டாக்டர். ஒரே ஒரு தடவை. அஞ்சு நாள்."

"இன்ஹேலர் ஒழுங்கா எடுக்கறீங்களா?"

அவள் வாய் திறக்குமுன் கணவன் முந்தினான். பல நாள்களுக்குப் பின் அவன் குரலில் சிறிது உயிர் இருந்தது. "ஒரு நாள் தவறாது டாக்டர். காலையில அந்த 'புஸ்'ஸுங்கற சத்தம் கேட்டாத்தான் எனக்கு டீயே இறங்கும்."

மருத்துவர் அவனை நோக்கிப் புன்னகைத்தார். "அப்ப வேற காரணம் ஏதோ இருக்கணும். இன்னும் சில ரத்தப் பரிசோதனை எழுதறேன். தைராய்டு, சிறுநீரகம், குடல் எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்றார். இல்லாத நோய்களையெல்லாம் தேடி அவர் எழுதிக்கொண்டே போனார். எழுதுகோல் தாளில் உராயும் ஒவ்வொரு முறையும் அவள் விலா வலித்தது.

வெளியே வந்ததும் கணவன் நின்றான். "ஏற்கெனவே மெலிஞ்ச எலும்பு. அதைப் போய் நசுக்கிட்டேன் பாரு" என்றான். அவளிடமல்ல, தன் கைகளிடம்.

காரணம் கண்டறியப்பட்டால் அவன் விடுதலை பெறுவான் என்று அதுவரை தன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தவள், அப்பொழுது ஒரு முடிவுக்கு வந்தாள். அஃது அவளைப் போன்றோர் மட்டுமே செய்யக்கூடிய பிழை. பதிவில் ஒரு சொல் பிழைத்தால், அச்சொல்லை மட்டும் மீண்டும் பேசிப் பழைய இடத்தில் பொருத்திவிடுவது அவளுடைய தொழில் வழக்கம். கேட்பவருக்கு ஒட்டு தெரியாது. 'மாத்திரை உண்பதில்லை' என்று கூறிவிட்டாள். இன்றே உண்பதை நிறுத்திவிட்டால் அக்கூற்று உண்மையாகிவிடும் அல்லவா? எலும்பும் தேறும், பொய்யும் பொய்யாக இராது.

அவள் காதைத் தொலைபேசியில் அழைத்தாள். "இழுப்பறையில இருக்கறதை எடுத்துத் தூக்கிப் போட்டுடுடா."

"குறில்கூட இல்லாமலா? அக்கா, வேண்டாம். இதைத் திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னு எங்கேயோ கேட்டிருக்கேன். டாக்டரைக் கேளுங்க."

"டாக்டரைக் கேட்கற நிலைமையில நான் இல்ல."

"நான்தான் இந்தக் கிண்டலை ஆரம்பிச்சேன். எனக்கே பயமா இருக்கு. மாமாகிட்டச் சொல்லிடலாம்க்கா."

"நீ காது. வாய் இல்ல" என்று கூறி அவள் இணைப்பைத் துண்டித்தாள்.

உடல் ஆண்டுக்கணக்கில் தானே சுரக்க வேண்டியதை மாத்திரையிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கிக்கிடந்தது என்பதை அவள் அறியவில்லை. முதல் நாள் சோர்வு வந்தது. அடுத்து உணவின்மேல் வெறுப்பு. பின்னர்க் குமட்டலும் தலைச்சுற்றலும். நாத்தனார் கஞ்சியோடு பின்தொடர்ந்தாள். "கவலையால வர்ற மசக்கையை நான் இப்பதான் பார்க்கறேன் அண்ணி" என்று அலுத்துக்கொண்டாள்.

ஒரு காலையில், குளியலறைக்குச் செல்ல எழுந்தவள் கூடத்தின் நடுவே சரிந்து விழுந்தாள்.

ஓசை கேட்டுக் கணவன் அடுக்களையிலிருந்து ஓடிவந்தான். அவள் அருகே மண்டியிட்டான். இரு கைகளும் அவளை நோக்கி நீண்டன. அவள் தோளுக்கு ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டன. கண் இருண்டுகொண்டு வந்தபொழுதும் அவள் அதனைப் பார்த்தாள். பீரோவையும் பியானோவையும் படியேற்றிய கைகள் அந்தரத்தில் நடுங்கின.

"அண்ணா, தூக்கு! என்ன பார்த்துக்கிட்டு நிக்கறே?" என்று தங்கை அலறினாள்.

"நீ தூக்கு."

"நானா? தண்ணிக் கேனையே உருட்டிக்கிட்டுப் போறவ நான்! தூக்குண்ணா!"

"என்னால முடியாது. நான் தொட்டா உடைஞ்சிடுவா. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

தங்கை தொலைபேசியைத் தேடி ஓடினாள். மனைவி உதட்டை அசைத்தாள்.

"மாத்திரை..."

"எந்த மாத்திரைம்மா? வலி மாத்திரையா? எங்க இருக்கு?"

"நெடில்... நிறுத்திட்டேன்... குறில்கூட..."

"ஐயோ, இப்ப எதுக்கும்மா இலக்கணம்!" அவன் குரல் உடைந்தது. "ஏய், இவ என்னமோ பிதற்றுறாடி! நெடில், குறில்ங்கறா!"

தன் மறைமொழி எத்துணைத் திறம்படச் சமைக்கப்பட்டது என்பதை அவள் அக்கணத்தில் உணர்ந்தாள். உயிர் போகும் வேளையிலும் அது தன் வேலையைச் செவ்வனே செய்தது. இருந்த மூச்சையெல்லாம் திரட்டி, எவருக்கும் புரியும் சொற்களில் அவள் பேசினாள்.

"இலக்கணம் இல்லங்க. ஸ்டீராய்டு மாத்திரை. வருஷக்கணக்கா தின்னேன். நெடில்னா ரெண்டு. அளபெடைன்னா மூணு. இன்ஹேலரைத் தொட்டியில அடிச்சேன். எலும்பு அதுலதான் போச்சு. நீங்க உடைக்கல. நான்தான்... இப்ப சட்டுனு நிறுத்திட்டேன். டாக்டர்கிட்டச் சொல்லுங்க. மறக்காம சொல்லுங்க."

அவன் சொற்களை ஒவ்வொன்றாக உள்வாங்கினான். அவன் முகத்தில் நிம்மதி தோன்றும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்காகவே அவ்வளவு மூச்சைச் செலவிட்டாள். தோன்றியது நிம்மதியன்று.

"அந்த நர்ஸ் கேட்டப்ப உனக்குத் தெரியுமா?" என்றான்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

"நான் வெளியே நின்னுக்கிட்டிருந்தேன்."

"தெரியும்."

"தெரியும்" என்று அவன் திருப்பிச் சொன்னான். கைகளை மெல்ல மடக்கிக்கொண்டான். "சரி. இப்ப சொல்லிட்டே. உடம்பு முழுக்க அப்படித்தானா? எங்க தொட்டாலும் உடையுமா? சொல்லு. நான் எங்க பிடிச்சுத் தூக்கறது?"

உண்மையைக் கூறினால் அவன் கைகள் விடுபடும் என்று எண்ணியிருந்தாள். உண்மையோ அவற்றை இன்னும் இறுகக் கட்டிவிட்டது. ஆம்புலன்ஸ் பணியாளர் இருவர் பலகையோடு வந்து அவளை நகர்த்தி ஏற்றினர். அவன் பின்னால் நடந்தான். வண்டிக் கதவு மூடுமுன், கூடப் பயணம் செய்த பணியாளரிடம் அவன், "ஸ்டீராய்டு மாத்திரை. வருஷக்கணக்கா. திடீர்னு நிறுத்தியிருக்கா" என்று தெளிவாக, ஒரு சொல்லும் விடாமல் கூறியதை அவள் கேட்டாள்.

அச்சொற்களால் அவள் பிழைத்தாள். ஊசி வழியாக அதே மருந்தை உள்ளே செலுத்தினர். மாலைக்குள் எழுந்து அமரும் அளவுக்குத் தெளிவு வந்தது. மறுநாள், எலும்பு மருத்துவரும் நுரையீரல் மருத்துவரும் ஒன்றாக வந்தனர். எலும்பை வலுப்படுத்த மருந்து உண்டு என்றார் ஒருவர். மாத்திரையைச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும் என்றார் மற்றவர். அவர் மேலும் கூறினார்:

"இன்ஹேலர்ல தொண்டை கட்டுதுன்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அதுக்குன்னு ஒரு குழாய் இருக்கு. அதுல பொருத்தி இழுத்துட்டு, வாயைக் கொப்பளிச்சா பாதித் தொல்லை போயிடும். குரல் வேலைன்னா, மருந்தையே மாத்தியும் குடுத்திருப்போம். இதுக்காகவா எலும்பைக் கரைச்சீங்க?"

அவர் கடிந்து பேசவில்லை, வியந்துதான் பேசினார். அவ்வியப்பைக் காட்டிலும் கடிந்துரை எளிதாக இருந்திருக்கும். ஒரு குழாய், ஒரு வாய் நீர். அவ்வளவில் தீர்ந்திருக்க வேண்டிய ஒன்று. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணவன் நாள்தோறும் வந்தான். கட்டிலுக்கு முதுகைக் காட்டியவாறு நாற்காலியைப் போட்டு, சன்னலைப் பார்த்து அமர்ந்தான். நாத்தனாருக்கே அந்த அமைதி பொறுக்கவில்லை. "திட்டறதா இருந்தா திட்டித் தொலைண்ணா. நானும் உன்னை ஒரு மாசமாத் திட்டினேன். அந்தக் கணக்கையெல்லாம் இப்ப அண்ணி பக்கம் திருப்பணும், எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல" என்று கூறிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் வாங்கச் சென்றாள்.

அவள் சென்றபின் அவன் சன்னலை நோக்கியே கேட்டான். "வேற ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு. ஒரே தடவையாக் கேட்டுக்கறேன்."

அவள் நேர்மையாகச் சிந்தித்தாள். "நீங்க வண்டியில பாடறப்ப நல்லாயிருக்குன்னு சொல்வேன்ல. நல்லாவே இருக்காது."

"அது வண்டியில வர்ற எல்லாருக்கும் தெரியும்" என்றான். சிரிக்கவில்லை. பின், "நான் கத்துக்கிட்டேன்ல, ஒண்ணு, ரெண்டுன்னு. அப்பகூட உனக்குத் தோணலையா?" என்று கேட்டான்.

"தோணுச்சு. ஒவ்வொரு தடவையும் தோணுச்சு."

அவன் தலையசைத்தான். அவ்விடையை அவன் மன்னித்தானா, இல்லையா என்பது முதுகிலிருந்து தெரியவில்லை.

அப்பொழுது இயன்முறை மருத்துவர் உள்ளே வந்தார். உயரமான, பேச்சு மிகுந்த பெண்மணி. கட்டிலிலிருந்து நேராக எழக்கூடாது, பக்கவாட்டில் உருண்டு, கால்களைத் தொங்கவிட்டு எழ வேண்டும் என்று செய்து காட்டினார். பின்பு கணவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? இங்க வாங்க. கையை நீட்டுங்க."

"நான் தொடல. என் தங்கச்சி வருவா."

"உங்களை யார் தொடச் சொன்னது? தூக்கக் கூடாது. இழுக்கக் கூடாது. பிடிக்கவே கூடாது. கையை மடக்கி, படிக்கட்டுக் கம்பி மாதிரி நில்லுங்க. அவங்கதான் பிடிப்பாங்க. எவ்வளவு பாரம் போடணும்னு அவங்களுக்குத் தெரியும். கம்பிக்கு வேலை, நிக்கறது மட்டும்தான்."

"அப்படித் தாங்கினா உடையாதா?"

"கம்பியைப் பிடிச்சு யாருக்காவது உடைஞ்சிருக்கா? நில்லுங்க சார்."

அவன் வந்து நின்றான். முன்கையை மடக்கி அவள் முன்னே நீட்டினான். முகத்தை மட்டும் சன்னல் பக்கம் வைத்துக்கொண்டான். அவள் உருண்டு, கால்களைத் தொங்கவிட்டு, விளிம்பில் அமர்ந்தாள். கை எதிரே இருந்தது. அவள் அதனைப் பிடிக்கவில்லை.

"என்ன?" என்றான், திரும்பாமலே.

"உங்களுக்குக் கோபம் இருந்தா, உங்க தங்கச்சி வந்ததும்..."

"கோபம் இருக்கு. நிறைய இருக்கு. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். இப்ப பிடி."

அவள் பிடித்தாள். அம்முன்கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்நடுக்கத்தை அதற்குள் வைத்தவள் தானே என்பதை அவள் விரல்கள் அறிந்தன. அது நிற்கும்வரை காத்திருக்கும் உரிமை தனக்கில்லை என்று அவளுக்குத் தோன்றியது. பாரத்தைச் சிறிது சிறிதாக அவன்மேல் சாய்த்து, அவள் எழுந்து நின்றாள்.